தலை ஆடினாலும் உலகம் ஏன் ஆடுவதில்லை?

ஜவ்வாது மலையில், காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கி இரவெல்லாம் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். பூமி மணிக்கு 15 பாகை கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. தொலைநோக்கி அதே வேகத்தில் மேற்கே திரும்பி அதை ஈடுகட்டுகிறது. அப்படித் திரும்பாவிட்டால் விண்மீன் புள்ளியாகப் பதியாமல் கோடாக இழுபட்டுவிடும்.

நம் கண்களும் நாள் முழுக்க இதே வேலையைத்தான் செய்கின்றன. இந்தப் பக்கத்தைக் கையில் பிடித்து வேகமாக ஆட்டிப் பாருங்கள், எழுத்துகள் கலங்கும். பக்கத்தை அசைக்காமல் தலையை மட்டும் அதே வேகத்தில் ஆட்டுங்கள், தடையின்றிப் படிக்கலாம். தலை இடப்பக்கம் போனால் கண் வலப்பக்கம் போகிறது. உள்காதின் அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியை உணர்ந்ததும், மூன்றே நரம்பு செல்கள் கொண்ட குறுக்குவழியில் செய்தி கண் தசைகளை எட்டிவிடுகிறது. இதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு.

இவ்வளவு விரைவான அனிச்சைச் செயல் பிறவியிலேயே இறுகிப்போனதாகத்தான் இருக்கும் என்று தோன்றும். ஆனால் அது மாறக்கூடியது என்பதற்கு நம் வீட்டுப் பெரியவர்களே சாட்சி. கண்ணுக்குள் செயற்கை வில்லை வைக்கும் முறை பரவும் முன், கண்புரை அறுவை முடிந்தவர்களுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடிதான் கொடுத்தார்கள். அது காட்சியைச் சுமார் 25 சதவீதம் பெரிதாக்கும். தலை 10 பாகை திரும்பினால் காட்சி 12.5 பாகை நகரும். கண்ணோ பழைய கணக்கில் 10 பாகைதான் திரும்பும். மீதி 2.5 பாகை விழித்திரையில் வழுக்கும். தரையும் சுவரும் நீந்துவதுபோல் தெரியும், தலை சுற்றும்.

அந்த வழுக்கலே மூளைக்குப் பாடம். ஒவ்வொரு பிழையும் சிறுமூளையின் பர்கின்ஜி செல்களுக்குப் போய்ச் சேர, அங்குள்ள நரம்பு இணைப்புகளின் வலிமை மாறுகிறது. கண் அடுத்தடுத்த முறை சற்றுக் கூடுதலாகத் திரும்பக் கற்கிறது. இந்தக் கற்றலில் சிறுமூளைக்கு உள்ள பங்கை முன்வைத்தவர் ஜப்பானிய அறிவியலாளர் மசாவோ இத்தோ. கனடாவின் மான்ட்ரியலில் கோன்ஷர், மெல்வில் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இடம் வலமாகத் தெரியும் பட்டகக் கண்ணாடியைத் தன்னார்வலர்களுக்கு வாரக்கணக்கில் அணிவித்து, 1976-இல் முடிவை வெளியிட்டார்கள். இருட்டில் சோதித்தபோதும் கண்ணின் அனிச்சை அசைவு ஏறக்குறைய திசை மாறியிருந்தது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் நிறுவனம் 1992 முதல் மலிவு விலையில் செயற்கை வில்லைகளைத் தயாரித்ததால், சோடாபுட்டிக் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. ஆனாலும் பவர் மாறிய எந்தக் கண்ணாடியும் சிறிய அளவில் இதே பாடத்தைத் தொடங்கிவைக்கும். தலைசுற்றுகிறது என்று அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டால் பாடம் நின்றுபோகும். அணிந்துகொண்டு, வீட்டுக்குள் நடந்து, தலையைத் திருப்பிப் பார்த்துப் பழகினால்தான் சிறுமூளைக்குத் தன் பிழை தெரியும். சில நாட்களாகியும் சரியாகாவிட்டால் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். கண் முகாமிலும் கடையிலும் கண்ணாடியைக் கையில் கொடுப்பவர்கள் இந்த இரண்டையும் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். காரணம் தெரியாமல் கழற்றி வைத்த கண்ணாடியால் யாருக்கும் பார்வை வராது.