மஞ்சள் கருவைத் தூக்கிப் போடாதீர்கள்!

வைட்டமின் என்று பெயர் வைக்கப்படாத, ஆனால் வைட்டமின் போலவே உடலுக்கு வேண்டிய சத்து ஒன்று உண்டு. அதன் பெயர் கோலின். ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் ஸ்ட்ரெக்கர் 1849-ல் பித்தநீரிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். ஆனால் தினமும் இவ்வளவு வேண்டும் என்று அமெரிக்க மருத்துவக் கழகம் அளவு சொன்னது 1998-ல்தான்: ஆண்களுக்கு 550 மில்லிகிராம், பெண்களுக்கு 425, கர்ப்பிணிகளுக்கு 450, பாலூட்டும் தாய்மார்களுக்கு 550.

நம் ஈரலும் கொஞ்சம் கோலினைத் தயாரிக்கிறது, அது போதாது. ஈரலில் சேரும் கொழுப்பு வெளியேறி ரத்தத்தில் கலக்க இந்தச் சத்து வேண்டும். குறைந்தால் கொழுப்பு அங்கேயே தங்கிவிடும். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான சார்லஸ் பெஸ்ட், 1932-ல் எலிகளிடம் நடத்திய ஆய்வில் இதைக் கண்டார். ஞாபகசக்திக்கும் தசை அசைவுக்கும் வேண்டிய அசிட்டைல்கோலின் தயாராவதும் இதிலிருந்துதான். வயிற்றில் வளரும் குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் இது தேவை.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் உள்ள நம் வீடுகளையே எடுத்துக்கொள்வோம். மூன்று வேளையும் அரிசிதான் பிரதானம். வெள்ளைச் சோற்றில் கோலின் மிகக் குறைவு. ஒரு டம்ளர் பாலில் சுமார் 40 மில்லிகிராம் கிடைக்கும். அப்படியானால் 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற நம்ம ஊர் பால்கோவா? பால் சுண்டியதுதான், ஆனால் கூடவே சீனியும் இருக்கிறதே! ஈரலில் கொழுப்பு என்று டாக்டர் சொல்லியிருந்தால் பாலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கைக்கு எட்டும் விலையில் சிறந்தது முட்டை. பெரிய முட்டை ஒன்றில் சுமார் 147 மில்லிகிராம் உண்டு, ஏறக்குறைய எல்லாமே மஞ்சள் கருவில். கொலஸ்ட்ராலுக்குப் பயந்து வெள்ளையை மட்டும் சாப்பிடுகிறவர்கள் இதை இழக்கிறார்கள். முட்டை சூடு என்று கர்ப்பிணிகளைப் பெரியவர்கள் தடுப்பதும் உண்டு. நன்றாக வேகவைத்த முட்டையைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரையில் இரும்பும் ஃபோலிக் அமிலமும்தான் இருக்கின்றன, கோலின் கிடையாது. அதற்காக அந்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது; இரண்டும் வேண்டும்.

குர்பானி நாட்களில் வீட்டில் ஈரல் வறுவல் மணக்கும். 85 கிராம் மாட்டு ஈரலில் சுமார் 350 மில்லிகிராம் கோலின் இருக்கிறது. ஆனால் அதே துண்டில் வைட்டமின் ஏ 6000 மைக்ரோகிராமுக்கு மேல். ஒரு நாள் உச்ச வரம்பே 3000தான். மற்றவர்கள் எப்போதாவது சாப்பிடலாம். கர்ப்பிணிகள், குறிப்பாக முதல் மூன்று மாதங்களில், தவிர்க்க வேண்டும். இதைச் சொன்னால் மாமியார்கள் கோபித்துக்கொள்ளக் கூடும்!

மீன், கோழி, சோயா, நிலக்கடலை, காலிஃபிளவர் ஆகியவற்றிலும் ஓரளவு கிடைக்கும்.

மருந்துக் கடைகளில் கோலின் கேப்சூலும் வருகிறது. டாக்டர் சொல்லாமல் வாங்க வேண்டாம். ஒரு நாளைக்கு 3500 மில்லிகிராமைத் தாண்டினால் வியர்வை பெருகும், உடலில் மீன் வாடை வீசும், ரத்த அழுத்தம் இறங்கும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், கேப்சூல் உறையின் ஜெலட்டின் எந்தப் பிராணியிலிருந்து எடுக்கப்பட்டது என்று லேபிளில் பாருங்கள். தாவர உறை என்று போட்டவையும் கிடைக்கின்றன.