செத்த கடிதமும் பேசும்!

ஒரத்தநாட்டுக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்தால் போஸ்ட்மேனோடு சண்டையா போடுவீர்கள்? உறை மேல் எழுதியிருக்கும் காரணத்தைத்தானே படிப்பீர்கள்! கம்ப்யூட்டரிலும் அதே கதைதான் சார்.

1993-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த 'எம்.க்யூ.', கம்ப்யூட்டர்களுக்கிடையே செய்தி சுமக்கும் போஸ்ட்மேன். சேர்க்க முடியாததை 'டெட் லெட்டர் க்யூ'வில் போட்டு, காரண எண்ணையும் ஒட்டிவிடும். 2035 - அனுமதி இல்லை. 2085 - அப்படியொரு பெட்டியே இல்லை. 2053 - பெட்டி நிரம்பிவிட்டது.

நம்ம ஆட்கள் உடனே 'ரீஸ்டார்ட்' பண்ணுவார்கள். எடுக்க வேண்டிய புரோகிராம் தூங்கினால், பெட்டி மறுபடி நிரம்பாதா? பிழைப் பதிவைத் திறந்து, கடைசிப் பிழையை அல்ல, முதலில் விழுந்ததைப் படியுங்கள். தாமதித்தால் புதுப் பதிவுகள் வந்து பழையது அழிந்துவிடும். சாட்சி போச்சு!

அந்த க்யூவில் முடங்கிக் கிடப்பது, நெல் போட்டுவிட்டு பாஸ்புக்கோடு அலையும் உங்க அப்பாவின் பணமாகக்கூட இருக்கலாம்!