தானியக்க ஒளியளவு பிராக்கெட்டிங்

தானியக்க ஒளியளவு பிராக்கெட்டிங் என்பது ஒரே காட்சியை வெவ்வேறு ஒளியளவுகளில் அடுத்தடுத்துப் பல படங்களாக எடுக்குமாறு ஒளிப்படக்கருவியை அமைக்க உதவும் வசதி ஆகும். இது சுருக்கமாக ஏஇபி எனப்படுகிறது. கருவியின் ஒளிமானி சரியெனக் கணிக்கும் அளவில் ஒரு படமும், அதைவிடக் குறைந்த அளவிலும் கூடிய அளவிலும் பிற படங்களும் எடுக்கப்படுகின்றன. இவ்வாறு பெறப்படும் படங்களை இணைத்து, தனியொரு படத்தில் அடங்காத ஒளிர்வு வேறுபாடுகளைக் காட்டும் எச்டிஆர் படங்களை உருவாக்கலாம்.

ஒளிர்வு வீச்சும் உணரியும்

ஒரு காட்சியின் மிக ஒளிர்ந்த பகுதிக்கும் மிக இருண்ட பகுதிக்கும் இடையேயுள்ள விகிதம் அதன் ஒளிர்வு வீச்சு ஆகும். ஒளிப்படவியலில் இது ஸ்டாப் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. ஒரு ஸ்டாப் கூடினால் ஒளி இரு மடங்காகும். ஒரு ஸ்டாப் குறைந்தால் பாதியாகும். எனவே 10 ஸ்டாப் வீச்சு என்பது ஏறத்தாழ 1000:1 என்ற விகிதத்தைக் குறிக்கும்.

உணரியிலுள்ள ஒவ்வொரு படவணுவும் ஓர் எல்லை வரை மட்டுமே ஒளியைச் சேமிக்கும். அந்த எல்லை நிரம்பிய பின் வரும் ஒளி பதிவாவதில்லை. அப்பகுதி வெறும் வெண்மையாகிவிடும். அதிலிருந்த விவரங்களை எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது. இதற்கு மாறாக, மிக இருண்ட பகுதிகளில் சிறிதளவு ஒளியே பதிவாவதால் அது இரைச்சலில் மறைந்துவிடும். வெயில் படும் சாளரத்தையும் அறையின் மூலையையும் ஒரே படத்தில் தெளிவாகக் காட்டுவது கடினமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

வரலாறு

வெவ்வேறு ஒளியளவுகளில் எடுத்த பதிவுகளை இணைக்கும் எண்ணம் புதியதன்று. 1850களில் பயன்பட்ட கண்ணாடித் தகடுகள் நீல நிறத்துக்கு மிகுந்த உணர்திறன் கொண்டிருந்தன. ஆகையால் கடலுக்கு ஏற்ற ஒளியளவில் எடுத்தால் வானம் வெளிறிப்போனது. பிரான்சு நாட்டு ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே வானத்துக்கு ஒன்றும் கடலுக்கு ஒன்றுமாக இரு எதிர்ப்படிகளை எடுத்து, அவற்றைச் சேர்த்து அச்சிட்டார்.

படச்சுருள் காலத்தில் பிராக்கெட்டிங் ஒரு முன்னெச்சரிக்கையாகவே கருதப்பட்டது. குறிப்பாக ஸ்லைடு படச்சுருளில் சிறு பிழையும் படத்தைக் கெடுத்துவிடும். எனவே மூன்று படங்கள் எடுத்து, சிறந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கினர். எண்முறை எச்டிஆர் இந்நோக்கை மாற்றியது. இதில் எந்தப் படமும் ஒதுக்கப்படுவதில்லை. ஒவ்வொன்றும் காட்சியின் ஒரு பகுதியை அளக்கும் பதிவாகிறது.

1995 இல் ஸ்டீவ் மான், ரோசலிண்ட் பிக்கார்ட் ஆகியோரும், 1997 இல் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் ஆகியோரும் வெவ்வேறு ஒளியளவுப் படங்களைக் கணினியில் இணைக்கும் முறைகளை வெளியிட்டனர். 2005 இல் வெளிவந்த போட்டோஷாப் சிஎஸ்2 மென்பொருளில் இவ்வசதி சேர்க்கப்பட்டது.

செயற்படும் விதம்

ஒளியளவைத் துவாரம், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன. எச்டிஆர் படத்துக்கு இவற்றுள் ஷட்டர் வேகத்தை மட்டுமே மாற்றவேண்டும். துவாரம் மாறினால் குவிய ஆழம் மாறும்; அப்போது படங்கள் ஒன்றோடொன்று பொருந்தா. ஐஎஸ்ஓ மாறினால் இரைச்சல் வேறுபடும்.

துவாரம் எஃப்/8, ஐஎஸ்ஓ 100 என நிலையாக இருக்கையில், 2 ஸ்டாப் இடைவெளியில் எடுக்கப்படும் மூன்று படங்கள் பின்வருமாறு அமையும்:

* −2: 1/500 நொடி (ஒளிர்ந்த பகுதிகளுக்கு)
* 0: 1/125 நொடி (இடைப்பட்ட பகுதிகளுக்கு)
* +2: 1/30 நொடி (நிழல் பகுதிகளுக்கு)

படம் எடுக்கும் முறை

# ஒளிப்படக்கருவியை முக்காலியில் பொருத்தவேண்டும்.
# துவார முன்னுரிமை முறையைத் தேர்ந்து, ஐஎஸ்ஓவைக் குறைந்த அளவில் நிலைநிறுத்தவேண்டும். தானியங்கு ஐஎஸ்ஓ இயங்கினால் சில கருவிகள் ஷட்டர் வேகத்துக்கு மாறாக ஐஎஸ்ஓவை மாற்றிவிடும்.
# குவியப்படுத்திய பின் கைமுறைக் குவியத்துக்கு மாற்றவேண்டும். வெண்சமநிலையையும் ஒரே அளவில் வைக்கவேண்டும்.
# கோப்பு வடிவத்தை ரா எனத் தேர்வது நன்று.
# ஏஇபி பட்டியில் படங்களின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் அமைக்கவேண்டும்.
# தொடர் படப்பிடிப்பு முறையில், தொலையியக்கி கொண்டோ 2 நொடிக் காலதாமதம் வைத்தோ எடுக்கவேண்டும்.
# ஹிஸ்டோகிராமைச் சரிபார்க்கவேண்டும். மிகக் குறைந்த ஒளியளவுப் படத்தில் வரைபடம் வலது விளிம்பைத் தொடக்கூடாது. மிகக் கூடிய ஒளியளவுப் படத்தில் இடது விளிம்பைத் தொடக்கூடாது.

சூரியனோ எரியும் விளக்கோ காட்சியில் நேரடியாகத் தெரிந்தால் அச்சிறு பகுதி நிரம்புவதைத் தவிர்க்க இயலாமற் போகலாம். வேலை முடிந்ததும் ஏஇபியை நிறுத்திவிடவேண்டும். இல்லையெனில் பின்னர் எடுக்கும் படங்களும் மாறிமாறி இருண்டும் வெளிறியும் அமையக்கூடும்.

தேவைப்படும் படங்களின் எண்ணிக்கை

எண்ணிக்கையைவிட, முதற் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையேயுள்ள மொத்தத் தொலைவே முக்கியமானது. 1 ஸ்டாப் இடைவெளியில் 7 படங்கள் 6 ஸ்டாப்களைக் கடக்கின்றன. 2 ஸ்டாப் இடைவெளியில் 4 படங்களே அதே தொலைவைக் கடந்துவிடும். ஓர் உணரி 12 ஸ்டாப்களைப் பதிவு செய்யுமானால், −2, 0, +2 ஆகிய மூன்று படங்களால் ஏறத்தாழ 16 ஸ்டாப்களைப் பதிவு செய்யலாம்.

டெபெவெக், மாலிக் ஆகியோர் கையாண்ட இசுடான்போர்டு நினைவுத் தேவாலயக் காட்சி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் இருண்ட உட்புறமும் கொண்ட அக்காட்சி, 30 நொடி முதல் 1/1000 நொடி வரை 1 ஸ்டாப் இடைவெளியில் 16 படங்களாக எடுக்கப்பட்டது. இது 15 ஸ்டாப் தொலைவாகும். மூன்று படங்கள் மட்டும் எடுக்கும் ஏஇபி அமைப்பு இத்தகைய காட்சிக்குப் போதாது. அப்போது நடு ஒளியளவை மாற்றி மேலும் சில தொகுதிகளை எடுக்கவேண்டும். வெயிலற்ற மேகமூட்ட நாளில் எடுக்கும் நிலக்காட்சிக்கோ பெரும்பாலும் ஒரே ரா கோப்பு போதுமானது.

படங்களை இணைத்தல்

மென்பொருள் முதலில் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகிறது. பின் ஒவ்வொரு படவணுவிலும் பதிவான ஒளியை அப்படத்தின் ஒளிபடு நேரத்தால் வகுத்து, காட்சியின் உண்மையான ஒளிர்வைக் கணிக்கிறது. நிரம்பிய அல்லது இருண்ட படவணுக்களுக்குக் குறைந்த எடையும், நடுத்தர மதிப்புகளுக்குக் கூடிய எடையும் தரப்படுகின்றன. இவ்வாறு கிடைக்கும் ஒளிர்வு வரைபடத்தைச் சாதாரணத் திரைகள் முழுமையாகக் காட்ட இயலாது. எனவே தொனிப் பொருத்தம் என்னும் செயல்முறையால் அவ்வீச்சு சுருக்கப்படுகிறது. எச்டிஆர் படங்களில் சில நேரம் காணப்படும் செயற்கையான நிறங்களும், விளிம்புகளைச் சுற்றிய ஒளிவளையங்களும் பெரும்பாலும் இக்கட்டத்தில் மிகையாகச் செயற்படுவதால் தோன்றுபவை, பிராக்கெட்டிங்கால் அல்ல.

2007 இல் மெர்டென்ஸ் முதலியோர் வெளியிட்ட ஒளியளவுக் கலப்பு முறை, ஒளிர்வு வரைபடம் உருவாக்காமலே ஒவ்வொரு படத்திலிருந்தும் சிறந்த பகுதிகளைக் கலக்கிறது. என்ஃபியூஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் இம்முறையில் இயங்குகிறது.

குறைபாடுகள்

படங்கள் ஒரே கணத்தில் எடுக்கப்படாததால், நடக்கும் மனிதர்கள், அசையும் இலைகள், அலைகள் ஆகியவை இணைத்த படத்தில் ஆவியுருக்கள் போல் இரட்டையாகத் தோன்றலாம். பல மென்பொருள்கள் அசையும் பகுதிக்கு ஒரே படத்தை மட்டும் பயன்படுத்தி இதைக் குறைக்கின்றன. அவ்விடத்தில் எச்டிஆரின் பயனும் குறைந்துவிடும். விரைந்து அசையும் பொருட்களுக்கு இம்முறை ஏற்றதன்று.

கைபேசிகளில்

2010 இல் ஐஓஎஸ் 4.1 பதிப்புடன் ஐபோன் 4 கைபேசியில் வந்த எச்டிஆர் வசதி மூன்று ஒளியளவுகளில் படமெடுத்து இணைத்தது. கூகுள் 2016 இல் ஆய்வுக்கட்டுரையாக விளக்கிய எச்டிஆர்+ முறை வேறு வழியைப் பின்பற்றியது. இது ஒரே குறைந்த ஒளியளவில் பல படங்களை எடுத்து, அவற்றின் சராசரியால் நிழற்பகுதி இரைச்சலைக் குறைத்தது. ஒளிர்ந்த பகுதிகள் நிரம்பாமல் காப்பதும், எல்லாப் படங்களும் ஒத்த ஒளிர்வுடன் இருப்பதால் எளிதில் பொருந்துவதும் இதன் நன்மைகளாகும். நீண்ட ஒளிபடு நேரத்தால் நிழல்களில் கிடைக்கும் தெளிவைப் பெறும்பொருட்டு, பின்னர் இம்முறையிலும் பிராக்கெட்டிங் சேர்க்கப்பட்டது.

இவற்றையும் பார்க்க

* ஷட்டர் வேகம்
* துவாரம்
* தொனிப் பொருத்தம்