குரங்கு செத்துக் கிடக்கிறதா? உடனே சொல்லுங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய காட்டோர ஊர்களில் மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் ஒரு காய்ச்சல் வருகிறது. கன்னடத்து மலைநாட்டில் அதை ‘மங்கன காயிலெ’ என்கிறார்கள். நம் பக்கத்தில் குரங்குக் காய்ச்சல் என்கிறோம். மருத்துவர்கள் கியாசனூர் காட்டு நோய் என்று எழுதுவார்கள். செய்திகளில் அடிபடும் குரங்கம்மைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. இது உண்ணி கடித்து வரும் வைரஸ் காய்ச்சல்.

விலங்கிடமிருந்து மனிதனுக்கு வரும் நோய்களில் பல, ஆள் விழுந்த பிறகுதான் தெரியவரும். இந்த நோய் முன்கூட்டியே அறிகுறி காட்டுகிறது. ஊரில் காய்ச்சல் பரவுமுன் பெரும்பாலும் காட்டில் குரங்குகள் சாகின்றன. அந்தச் சாவை முதலில் பார்ப்பவர் விறகு பொறுக்கப் போனவராகவோ, மாடு மேய்ப்பவராகவோ, வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலராகவோ இருப்பார். மருந்தும் தடுப்பும் தர வேண்டியவர்கள் சுகாதாரத் துறையினர். இந்த இரு தரப்புக்கும் நடுவில் செய்தி நின்றுபோவதால் போகிற உயிர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

1957, சிவமொக்கா மாவட்டம்

அன்றைய மைசூர் மாநிலத்தில் சொரபா தாலுகாவில் இருக்கிறது கியாசனூர் காடு. 1957ஆம் ஆண்டு கோடையில் அங்கே மந்திகளும் நாட்டுக் குரங்குகளும் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்தன. அதே நாட்களில் சுற்றுவட்டார ஊர்களில் கடும் காய்ச்சலும் ரத்தக்கசிவும் கண்டு மனிதர்களும் இறந்தார்கள்.

முதலில் எழுந்த பயம் மஞ்சள் காய்ச்சலைப் பற்றியது. தென் அமெரிக்கக் காடுகளில் அந்த நோய் தலையெடுக்கும்போது குரங்குகள்தான் முதலில் சாகும். இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெருவுக்குத் தெரு இருந்தது. புனேயில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் துணையோடு இயங்கிய வைரஸ் ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் விரைந்து சென்று, இறந்த குரங்குகளிடமிருந்தும் நோயாளிகளிடமிருந்தும் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அது மஞ்சள் காய்ச்சல் இல்லை. சைபீரியா உள்ளிட்ட ரஷ்யப் பகுதிகளில் உண்ணிகள் பரப்பும் மூளைக் காய்ச்சல் வைரஸுக்கு உறவான புதிய வைரஸ். அது கண்டெடுக்கப்பட்ட காட்டின் பெயரே நோய்க்கும் நிலைத்துவிட்டது.

சைபீரிய உறவு தெரிந்ததும், வலசை வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்திருக்குமோ என்ற கேள்வி எழுந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் சலீம் அலி, உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு ஆயிரக்கணக்கான பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, உடலில் ஒட்டியிருந்த உண்ணிகளைச் சேகரித்ததற்கு இந்தக் கேள்விதான் தூண்டுகோல். பறவைகள்தான் கொண்டுவந்தன என்பது நிரூபணமாகவில்லை. ஆனால் இந்தியப் பறவைகளின் வலசையைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பகுதி அந்தப் பணியில் கிடைத்தது.

உண்ணிக்கு மூன்று வேளைச் சாப்பாடு

நோயைப் பரப்புவதில் முதலிடம் ஹீமாபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்ற காட்டு உண்ணிக்கு. வாழ்நாளில் அது மூன்று முறைதான் ரத்தம் குடிக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு விலங்கின் மேல் ஏறுகிறது. முட்டையிலிருந்து வரும் ஆறுகால் குஞ்சு எலி, மூஞ்சுறு, குரங்கு போன்றவற்றின் மேல் ஏறிக் குடித்துவிட்டுத் தரையில் விழும். சருகுக்குள் தோலுரித்து எட்டுக்கால் இளம் உண்ணியாகும். அது மறுபடி ஒரு விலங்கைத் தேடும். அதன்பின் முதிர்ந்த உண்ணியாகி, மாடு, மான், காட்டெருது போன்ற பெரிய உடம்புகளைத் தேடிப் போகும். வயிறு புடைத்த பெண் உண்ணி கீழே விழுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். குஞ்சுப் பருவத்தில் வைரஸ் உள்ளே போனால், தோலுரித்த பின்னும் அது உண்ணியின் உடம்பில் இருக்கும்.

மனிதனுக்கு ஆபத்து நடுப்பருவமான இளம் உண்ணியால்தான். கசகசா அளவே இருக்கும். புல்நுனியிலோ சருகு விளிம்பிலோ பின்கால்களால் பற்றிக்கொண்டு, முன்கால்கள் இரண்டையும் காற்றில் நீட்டியபடி காத்திருக்கும். அந்த முன்கால்களின் நுனியில் ஒரு சிறு குழி உண்டு. நாம் விடும் மூச்சையும் உடம்பின் சூட்டையும் உண்ணி அதைக்கொண்டு அறிகிறது. கால் உரசியதும் தொற்றிக்கொண்டு, மெல்லிய தோலும் மடிப்பும் உள்ள இடம் தேடி மேலேறும். கடிக்கும்போது வலிக்காது, அதன் எச்சிலில் மரத்துப்போகச் செய்யும் பொருள்கள் இருக்கின்றன. அதனால்தான் காய்ச்சலில் வந்து படுப்பவர்களில் பலர் ‘என்னை எதுவும் கடிக்கவே இல்லை’ என்கிறார்கள்.

இளம் உண்ணிகள் மிகுதியாகத் திரியும் காலம் டிசம்பரிலிருந்து மே வரை. காட்டில் வேலை மிகுந்திருக்கும் காலமும் அதுவே. விறகு, தேன், நெல்லிக்காய், சருகு எல்லாம் அப்போதுதான். மலைநாட்டுப் பாக்குத் தோப்புக்காரர்கள் காட்டுச் சருகை அரித்துக் கூடை கூடையாகக் கொண்டுவந்து தொழுவத்தில் பரப்புவார்கள். மாட்டின் சாணமும் மூத்திரமும் ஊறிய பின் அது தோப்புக்கு உரமாகும். தலைமுறைகளாக நடந்துவரும் நல்ல விவசாய முறை அது. ஆனால் நோய் உள்ள காட்டிலிருந்து சருகு வந்தால் உண்ணியும் கூடவே வந்துவிடும். காட்டுக்குள் கால் வைக்காத வீட்டுப் பெண்ணுக்கும் காய்ச்சல் வருவது இப்படித்தான்.

மாட்டுக்கு நோயில்லை, ஆனாலும்...

இந்த வைரஸால் மாடு நோய்வாய்ப்படுவதில்லை. வைரஸைப் பெருக்கி மற்ற உண்ணிகளுக்குக் கொடுப்பதிலும் அதற்குப் பெரிய பங்கில்லை. ஆனால் முதிர்ந்த உண்ணிகளின் பசியைத் தீர்ப்பது மாடுதான். காட்டோரம் மேய்ச்சல் கூடக்கூட உண்ணிகளின் எண்ணிக்கையும் கூடும். காட்டுக்கும் தொழுவத்துக்கும் தினமும் போய்வரும் உயிரும் அதுதான்.

மாட்டுக்கு வேறு உண்ணி நோய்கள் இருக்கின்றன. தைலேரியா, பபேசியா என்ற ஒட்டுண்ணிகள் மாட்டின் ரத்த அணுக்களுக்குள் புகுந்து அவற்றை அழிக்கின்றன. பபேசியா கண்ட மாடு காபி நிறத்தில் மூத்திரம் பெய்யும்; காய்ச்சல் ஏறும், கண்ணிமையின் உட்புறம் வெளுக்கும், கறவை சட்டென்று வற்றும். கலப்பினப் பசுக்கள் நாட்டு மாடுகளைவிட எளிதில் இவற்றுக்கு இரையாகின்றன. கடன் வாங்கி ஒரே ஒரு கலப்பினப் பசு வாங்கிய குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய அடி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மாட்டின் உண்ணியை ஒழிப்பது மாட்டுக்கும் நல்லது, மனிதனுக்கும் நல்லது.

காதின் உட்புறம், அலைதாடி, மடிக்கு மேலே தொடை சேரும் இடம், வால் அடி ஆகிய நான்கு இடங்களையும் தினமும் கையால் தடவிப் பாருங்கள். பிடுங்கிய உண்ணியைத் தரையில் போட்டு மிதிக்காதீர்கள். சோப்புத் தண்ணீரிலோ தீயிலோ போடுங்கள். உண்ணி மருந்துகளைக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில், அவர் சொல்லும் இடைவெளியில் போடுங்கள். கடைக்காரர் கொடுத்த மருந்தைக் கண்ணளவில் கலந்து அடிப்பது இரண்டு விதத்தில் கேடு. மாட்டுக்கு விஷமாகலாம், குறைந்த அளவில் அடித்தால் பிழைத்த உண்ணிகளிடம் அந்த மருந்து மறுமுறை பலிக்காது. சில மருந்துகள் போட்டபின் குறிப்பிட்ட நாட்களுக்குப் பாலை விற்கவோ குடிக்கவோ கூடாது. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தொழுவச் சுவரின் விரிசல்களையும் பூசிவிட வேண்டும்.

காட்டைக் கலைத்த இடங்களில்

முதல் அரை நூற்றாண்டில் இந்த நோய் பெரும்பாலும் சிவமொக்காவிலும் அதை அடுத்த கர்நாடக மாவட்டங்களிலும் அடங்கிக் கிடந்தது. 1980களின் தொடக்கத்தில் தென் கன்னட மாவட்டத்தில் முந்திரித் தோட்டத்துக்காகக் காட்டை அழித்த இடத்தில் அது பெரிதாக வெடித்தது. காட்டை வெட்டித் தோட்டமாக்கும்போது நடுவே முளைக்கும் புதரும் லந்தானாச் செடியும் எலிகளுக்கும் உண்ணிகளுக்கும் ஏற்ற இடமாகிவிடுகின்றன. அங்கேதான் மாடும் மேய்கிறது. மனிதனும் வேலை செய்கிறான்.

2012ஆம் ஆண்டின் இறுதியில் நோய் தெற்கே வந்தது. பந்திப்பூர் புலிகள் காப்பகத்தில் செத்த குரங்குகளைக் கையாண்ட தொழிலாளர்களுக்குக் காய்ச்சல் கண்டது. பந்திப்பூரை ஒட்டிய நீலகிரி மாவட்டத்திலும் இறந்த குரங்குகளில் வைரஸ் இருப்பது கண்டறியப்பட்டது. அடுத்து கேரளத்தின் வயநாடு. 2015இல் அங்கே பலர் பாதிக்கப்பட்டு இறந்தார்கள். காட்டையே வாழ்வாதாரமாகக் கொண்ட பழங்குடிகள் அவர்களில் மிகுதி. பின்னர் கோவாவும் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டமும். நீலகிரியின் முதுமலையும் பந்திப்பூரும் வயநாடும் ஒரே காட்டின் மூன்று பெயர்கள். மாநில எல்லை குரங்குக்கும் தெரியாது, உண்ணிக்கும் தெரியாது. அதனால் ஒரு மாநிலத்துக் குரங்கு சாவு அன்றைக்கே அடுத்த மாநிலத்துச் சுகாதார அலுவலருக்குத் தெரிந்தாக வேண்டும்.

காய்ச்சல் எப்படி வரும்?

உண்ணி கடித்து 3 முதல் 8 நாட்களில், குளிர் நடுக்கத்தோடு திடீரென்று காய்ச்சல் ஏறும். நெற்றியைப் பிளக்கும் தலைவலி, உடம்பு முறித்துப் போட்டதுபோல் தசைவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, கண் சிவப்பு. சில நாட்கள் கழித்துச் சிலருக்கு மூக்கு, ஈறு, குடல் வழியாக ரத்தம் கசியும். ரத்த அழுத்தமும் தட்டணுக்களும் வெள்ளை அணுக்களும் இறங்கும். பெரும்பாலோர் ஒன்றிரண்டு வாரத்தில் தேறிவிடுவார்கள். நோயாளிகளில் 10 முதல் 20 சதவீதம் பேருக்கு மூன்றாவது வாரத்தில் காய்ச்சல் திரும்பி வரும். இந்தமுறை கடும் தலைவலி, கை நடுக்கம், மனக்குழப்பம், பார்வைக் கோளாறு என்று மூளையைத் தொடும் அறிகுறிகளோடு. ‘தேறிவிட்டார்’ என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவரை அந்த மூன்றாவது வாரத்தில் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். நோய் கண்டவர்களில் 100க்கு 3 முதல் 5 பேர் வரை இறக்கிறார்கள். ஒரு நோயாளியிடமிருந்து வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்றாது. ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.

வைரஸைக் கொல்லும் தனி மருந்து கிடையாது. உடம்பில் நீர்ச்சத்து குறையாமல் பார்ப்பது, ரத்தக்கசிவையும் ரத்த அழுத்தத்தையும் கவனிப்பது ஆகியவையே சிகிச்சை. அவை காலத்தில் கிடைத்தால் உயிர் பிழைக்கும். ஆஸ்பிரின், இபுப்ரோபன் போன்ற வலி மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால், காட்டுக்குப் போய்வந்தபின் வரும் காய்ச்சலுக்கு மருந்துக்கடையில் கேட்டு அவற்றை விழுங்காதீர்கள்.

மருத்துவரிடம் போனதும் ‘காட்டுக்குப் போனேன், சருகு அரித்தேன், மாடு மேய்த்தேன்’ என்று நீங்களாகவே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கு என்றே எண்ணப்படலாம். இன்னொரு காரணமும் உண்டு. புதர்ச் சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் தமிழ்நாட்டில் பரவலாக இருக்கிறது. அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்கு அடியில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு தெரிந்தால் மருத்துவர் அதையே சந்தேகிப்பார். அது பாக்டீரியா நோய். டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்குக் கேட்கும். விலை குறைந்த ஒரு மாத்திரையில் தீரவேண்டியது, வைரஸ் காய்ச்சல் என்று தள்ளிப்போட்டதால் உயிரைக் குடித்துவிடும்.

தடுப்பூசி

கர்நாடகத்தில் பல ஆண்டுகள் ஒரு தடுப்பூசி போடப்பட்டது. ஒரு மாத இடைவெளியில் இரண்டு தவணை, பின்னர் ஆண்டுதோறும் ஊக்கத் தவணை. வலி அதிகம் என்பதால் மக்கள் தொடர்ந்து வரவில்லை. பலனும் குறைவென்று தெரிந்தது. இப்போது அது நிறுத்தப்பட்டுவிட்டது. புதிய தடுப்பூசிக்கான பணி நடந்துவருகிறது.

காட்டுக்குப் போகிறவர்கள்

முழுக்கைச் சட்டையும் முழுக்கால் உடையும் போட்டு, கால்சட்டையின் விளிம்பைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். கால், கை, கழுத்தில் பூச்சிவிரட்டி எண்ணெய் தடவுங்கள். கர்நாடகச் சுகாதாரத் துறை இதற்கென்றே ‘டெபா’ எண்ணெயைக் காட்டோர ஊர்களில் கொடுக்கிறது. சருகின் மேல் உட்காருவதும் படுப்பதும் வேண்டாம். வீடு திரும்பியதும் உடையை வெந்நீரில் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் குளித்து, குழந்தைகளின் காது மடல், தலைமுடி ஓரம், முழங்கால் மடிப்பு வரை பாருங்கள்.

உண்ணி கடித்திருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், தீக்குச்சியால் சுடாதீர்கள். அப்படிச் செய்தால் அது தன் எச்சிலை இன்னும் உள்ளே கக்கும். மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிய இடத்தில், தலையோடு சேர்த்துப் பிடித்து, முறுக்காமல் நிதானமாக நேரே இழுங்கள். நகத்தால் நசுக்கக் கூடாது. பிறகு அந்த இடத்தைச் சோப்பால் கழுவுங்கள்.

செத்த குரங்கின் பக்கத்தில்

குரங்கு இந்த நோய்க்கு நம்மைவிட எளிதில் பலியாகும் உயிர். அதைக் கல்லால் அடித்து விரட்டுவதோ விஷம் வைப்பதோ மடமை; பாவமும்கூட. அது செத்ததும் உடம்பு குளிரத் தொடங்கும். மேலே ஒட்டியிருந்த நூற்றுக்கணக்கான உண்ணிகள் இறங்கிச் சுற்றியுள்ள சருகில் பரவும். செத்த குரங்கைச் சுற்றிய நிலம் பல நாட்களுக்கு ஆபத்தான இடம். சுகாதாரத் துறையினர் அங்கே பூச்சிமருந்து தூவுவதும், உடற்கூறாய்வு செய்பவர்கள் முழுக் கவச உடை அணிவதும் இதனால்தான்.

ஆகவே கிட்டே போகாதீர்கள். புதைக்கவும் மாலை போடவும் ஆசைப்படுவோர் நம் ஊரில் உண்டு. அந்தப் பக்தியை மதிக்கிறேன், ஆனாலும் தொட வேண்டாம். குழந்தைகளையும் நாயையும் மாட்டையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். வனச்சரக அலுவலகத்துக்கோ ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கோ உடனே சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் சுகாதார உதவி மையத்தையும், 1962இல் கால்நடை மருத்துவ உதவியையும் அழைக்கலாம். எந்த இடம், எப்போது பார்த்தீர்கள், எத்தனை குரங்குகள், அண்மையில் வேறு எங்காவது செத்துக் கிடந்தனவா, ஊரில் யாருக்காவது காய்ச்சல் உண்டா என்ற விவரங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.