சுவரில் ஏறி நடந்த லட்சுமி

லட்சுமி சுவரில் ஏறுகிறாள்! ஒரு காலை வைக்கிறாள், அடுத்த காலையும் வைக்கிறாள், அப்படியே கூட்டாளிகளோடு நடந்துபோய்க் கூரையில் நிற்கிறாள். தலைமுடி தொங்கவில்லை பாருங்கள், அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்!

சடையங்குப்பத்தில் எங்கள் வீட்டு வாண்டுகள் செல்போனில் இந்தப் பாட்டைப் பார்த்துவிட்டு, "கயிறு கட்டித் தூக்கினாங்களா, கம்ப்யூட்டரா?" என்று என்னைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். இரண்டுமே இல்லை. இரும்பு! மணலி பக்கம் பட்டறையில் வெல்டிங் வைப்பவர்களுக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும்.

இந்தப் பாட்டு வரும் 'மை டியர் குட்டிச்சாத்தான்', 1984 ஆகஸ்ட் 24 அன்று மலையாளத்தில் வெளியான இந்தியாவின் முதல் 3டி படம். நவோதயா அப்பச்சன் தயாரிப்பு, அவர் மகன் ஜிஜோ இயக்கம். இசை நம் இளையராஜா, கேமரா 'உதிரிப்பூக்கள்' அசோக்குமார். மந்திரவாதியிடம் அடிமையாகக் கிடக்கும் குட்டிச்சாத்தானை மூன்று பிள்ளைகள் மீட்கிற கதை. அதில் லட்சுமியாக வந்தவர் பேபி சோனியா. வீட்டில் குடிகார அப்பா, வெளியே மந்திரவாதி, நடுவில் இந்தச் சின்னப் பெண். எனக்கு அவள்தான் படத்தின் நாயகி.

சரி, சுவருக்கு வருவோம். இரும்புச் சட்டம் அடித்து, அதற்குள் ஒரு முழு அறையையே கட்டினார்கள். நாற்காலி, மேசை எல்லாம் தரையோடு இறுக்கப்பட்டவை. கேமராவும் அறையோடு சேர்த்துப் பூட்டப்பட்டது. வெளியே ஆட்கள் நின்று அந்த அறையைக் கையால் உருட்ட உருட்ட, பிள்ளைகள் எப்போதும் கீழே இருக்கும் பக்கத்தில்தான் நடந்துகொண்டிருந்தார்கள்! கேமராவும் கூடவே சுற்றுவதால் நம் கண்ணுக்கு அறை அசையவே அசையாது, லட்சுமிதான் ஏறுவாள். 1951இல் ஹாலிவுட்டில் பிரெட் அஸ்டேர் ஆடிக்காட்டிய அதே வித்தை. ஆனால் நம்மவர்கள் இதை 3டியில் எடுத்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் புல்லரிக்கிறது.

அந்த 3டி லென்ஸுக்காக ஜிஜோ கலிபோர்னியா வரை போய்வந்தார். இடக்கண் படமும் வலக்கண் படமும் ஒரே பிலிம் சட்டத்தில் மேலும் கீழுமாகப் பதியும். தியேட்டரில் வெள்ளிப் பூச்சுள்ள திரை வேண்டும், ஆளுக்கொரு கண்ணாடி வேண்டும். திரையிலிருந்து ஐஸ்கிரீம் நீண்டு வந்தபோது, கை நீட்டாத பிள்ளை எந்தத் தியேட்டரிலாவது இருந்திருக்குமா?

அந்தக் கண்ணாடியால்தான் ஒரு கலவரமும் வந்தது. அதைப் போட்டால் 'மெட்ராஸ் ஐ' ஒட்டிக்கொள்ளும் என்று ஊரெல்லாம் புரளி! அதனால் ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் கண்ணாடிகளைக் கிருமி நீக்கிச் சுத்தம் செய்கிறோம் என்று விளக்க நட்சத்திரங்களையே திரைக்கு அழைத்து வந்தார்கள். பிரேம் நசீர், அமிதாப் பச்சன், ஜிதேந்திரா, சிரஞ்சீவி, நம் ரஜினிகாந்த்! இத்தனை பெரிய ஆட்கள் வந்து கண்ணாடிக்கு உத்தரவாதம் கொடுத்த பிறகுதான் நம் லட்சுமி வருவாள்.