கோவலனும் சாதுவனும்

வைகாசித் திங்கள் பிறந்ததும் மட்டக்களப்பு வாவியின் இருமருங்கிலும் கண்ணகையம்மன் கோயில்கள் கதவு திறக்கும். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கண்ணகி வழக்குரை ஏடு படிக்கப்பெறும். குளிர்த்திச் சடங்குடன் விழா நிறைவெய்தும். சிறுவனாயிருந்த நாள்தொட்டு யான் அக்கதையைக் கேட்டு வருகின்றேன். முப்பது ஆண்டுகளாகச் சிலம்பையும் மேகலையையும் மாணவர்க்குக் கற்பித்தும் வருகின்றேன். ஆயினும், அவ்விரு காப்பியங்களிலும் ஊர்விட்டு ஊர் சென்று பொருளீட்ட முயன்ற வணிகர் இருவரின் கதை ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றது என்பதனை, என் பழைய மாணவன் ஒருவன் என் வீட்டுத் திண்ணையில் ஒரு தாளினை விரித்த அன்றுதான் உணர்ந்தேன்.

அவன் எம் கல்லூரியில் பண்டித வகுப்பிற் பயின்றவன். நல்ல நினைவாற்றல் உடையவன். குடும்பத்தின் வறுமை காரணமாகப் படிப்பை இடையில் நிறுத்தி, 2008 ஆம் ஆண்டு ஐக்கிய அரபு அமீரகம் சென்றான். ஐந்தாண்டுகள் பிறர் கடையில் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு சொந்தமாக ஒரு பலசரக்குக் கடை வைத்தான். அக்காலத்து அந்நாட்டுச் சட்டப்படி, வாணிக நிறுவனமொன்றிற் குறைந்தது 51 விழுக்காடு உள்நாட்டார்க்கு உரியதாதல் வேண்டும். ஆகவே உள்நாட்டார் ஒருவரின் பெயரிற் கடை பதிவாயிற்று. ஆண்டுதோறும் அவர்க்கு ஒரு தொகை கொடுத்து வந்தான். 2019 ஆம் ஆண்டு அவர் காலமானார். அவருடைய மக்கள் ஏடுகளை எடுத்துப் பார்த்துவிட்டு, கடை தம்முடையதென்றும் இவன் அதில் வேலையாள் என்றும் கூறினர். இவனிடம் இருந்ததோ அரபு மொழியில் எழுதப்பெற்ற ஒரேயொரு தாள். அதனையே கூட்டு ஒப்பந்தம் என நம்பி ஆறாண்டுகள் பெட்டியிற் பூட்டி வைத்திருந்தான்.

"ஐயா, இதிலே என் பங்கு எழுதியிருக்கும். யாரைக் கொண்டாவது வாசித்துப் பாருங்கள்" என்றான்.

எனக்கு அரபு தெரியாது. இருவரும் கல்லடிப் பாலங் கடந்து காத்தான்குடி சென்றோம். அங்கு எனக்குப் பழக்கமான மௌலவி ஒருவர் அத்தாளை இருமுறை மெல்லப் படித்தார். பின்னர் இவன் முகத்தை நோக்காமல், "தம்பி, இது கூட்டு ஒப்பந்தம் அல்ல. நீங்கள் அந்தக் கடையில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யச் சம்மதித்த கடிதம்" என்றார். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. தேநீர் வந்தது; ஆறியது. விடைபெறும்போது மௌலவி கூறினார்: "போவதற்கு முன் இங்கே வந்திருந்தால், வாசிக்கவாவது பழக்கி அனுப்பியிருப்பேன். நாங்கள் எவ்வளவு கிட்ட இருக்கிறோம்!"

வரும் வழியில் பாலத்தின்மேல் நின்று வாவியை நோக்கினோம். அவன் வருத்தத்திற்கு நான் எவ்வாற்றானும் காரணமல்லேன். எனினும் ஒரு குற்றவுணர்வு என்னை அரித்தது. மணிமேகலையில் ஆதிரை பிச்சையிட்ட காதையை அவனுக்குக் கற்பித்தவன் யானே அன்றோ?

அக்கதை அன்பர் அறிந்ததே. ஆதிரையின் கணவனாகிய சாதுவன் தீயொழுக்கத்தாற் செல்வம் இழந்து, பொருள் தேடிக் கப்பலேறுகின்றான். கப்பல் உடைகின்றது. ஒடிந்த மரத்தைப் பற்றி நாகர் வாழும் மலைப்பக்கத்திற் கரையேறுகின்றான். மனிதரை உண்ணும் அந்நாகர் அவனைச் சூழ்கின்றனர். அவனோ அவர்தம் மொழியை முன்னரே கற்றவனாதலின், அவர் மொழியிலேயே மறுமொழி கூறுகின்றான். அவர்கள் வியந்து தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். ஈற்றில், முன்னர்க் கலமுடைந்து வந்தாரிடத்துக் கைப்பற்றிய சந்தனமும் துகிலும் பொன்னும் தந்து அவனை வழியனுப்புகின்றனர். யான் அக்காதையை நடத்தும்போது ஆதிரையின் கற்பினைப் பல நாள் விரித்துரைத்தேன். தேர்வில் வரும் வினாவும் அதுவே. சாதுவன் வேற்றுமொழி அறிந்திருந்தமையாற் பிழைத்தான் என்னும் செய்தியை ஒரு சொற்றொடரிற் கடந்து சென்றேன். கடல்கடந்து செல்லவிருந்த மாணவனுக்கு வேண்டியிருந்தது அவ்வொரு சொற்றொடரே.

அன்றிரவு சிலம்பை எடுத்தேன். கோவலனுக்கு மொழித் தடை இல்லை. மதுரையிலும் தமிழே வழங்கிற்று. அவனுக்கு இல்லாதிருந்தது அவனை இன்னான் என்று அறிந்து சான்று கூறும் ஒருவர். ஊர்காண் காதையில், நகரத்து வணிகர்க்குத் தன் நிலையை உணர்த்தி வருவதாகக் கவுந்தியடிகளிடங் கூறித்தான் அவன் புறப்படுகின்றான். ஆனாற் சென்றவன் கடைவீதிகளின் வளங்கண்டு, நகரின் சிறப்பை வியந்து மீள்கின்றான். வணிகர் எவரையும் கண்டு பேசியதாக அடிகள் கூறவில்லை. அடைக்கலக் காதையிற் கவுந்தியடிகள் மாதரியிடங் கூறுவதோ நெஞ்சை உருக்குவது: இவன் தந்தையின் பெயரைக் கேட்டாற் போதும், இவன் குலத்து வணிகர் கிடைத்தற்கரிய பொருள் கிடைத்தாற்போல எதிர்கொண்டு தம் மனையில் வைத்துக் காப்பர் என்கின்றார். அவ்வணிகர் அந்நகரிலேயே இருந்தனர். கோவலன் அவர்களிடம் செல்லுமுன் சிலம்பொடு பொற்கொல்லனிடஞ் சென்றான். 'இச்சிலம்பு இவனுடையதே' எனக் கூற மதுரையில் ஒரு வாய் இல்லாது போயிற்று. ஊழ்வினை என்று நாம் முடித்துவிடுகின்றோம். ஊழ் உண்டாயினும், அது புகுந்த வாயில் இதுவே.

மொழியும் சான்றும் வாய்த்தார்க்கு இடரே இல்லையோ எனின், நாட்டுக்கோட்டை நகரத்தார் வரலாறு வேறொன்றினை உணர்த்தும். கடல்கடந்த வாணிகத்தை அவர்போல ஒழுங்குபடுத்தினார் நம்முட் சிலரே. பெட்டியடிப் பையனாகக் கணக்குப் பழகி, அடுத்தாளாகி, மேலாளாகி உயர்வர். சம்பளச் சீட்டு எழுதி மூன்றாண்டுத் தவணைக்குக் கடல்கடந்து செல்வர். சென்ற இடத்திற் கிட்டங்கி தங்குமிடமாகும். முருகன் கோயில் கூடுமிடமாகும். கடையின் விலாசமே ஒருவனுக்குச் சான்றாகும். கொழும்புச் செட்டியார் தெருவும் இரங்கூனும் இம்முறையாற் செழித்தன. ஆயினும் 1930 ஆம் ஆண்டை ஒட்டிய உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை வீழ்ந்தது; பர்மிய உழவர் கடன் திருப்ப இயலாராயினர்; ஈட்டு நிலங்கள் நகரத்தார் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930 இல் 6 விழுக்காடாயிருந்த அவர்தம் நிலவுடைமை, 1938 அளவில் 25 விழுக்காடாயிற்று. நிலத்தோடு ஊராரின் மனக்கசப்பும் வளர்ந்தது. 1942 இல் யப்பானியர் படையெடுப்பு. 1948 இல் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம். 1962 இற் படையாட்சி ஏற்பட்டபின் வாணிகமும் நாட்டுடைமை. கணக்கிற் பிழையில்லை, கையெழுத்திற் பிழையில்லை. எனினும் அயலான் பொருள் அந்நாட்டின் சட்டத்தையும் மக்களின் மனத்தையும் சார்ந்தே நிற்கும் என்பதை அது காட்டிற்று.

ஆகவே பிறநாடு செல்வார்க்கு வேண்டுவன மூன்று: அந்நாட்டு மொழி; தம்மை அறிந்த சான்று; அந்நாட்டுச் சட்டமும் மனமும் பற்றிய தெளிவு. இவை ஏட்டறிவு அல்ல, அன்றாட நடைமுறை. தாம் விளங்காத தாளிற் கையொப்பமிடலாகாது. நம்பத்தக்க ஒருவரைக் கொண்டு மொழிபெயர்ப்பித்து, ஒரு படியை ஊரிலுள்ள குடும்பத்தாரிடம் வைத்தல் வேண்டும். வேலைக்குச் செல்வோர் 1985 ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பெற்ற இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திற் பதிந்து செல்லல் வேண்டும். கொடுத்த பணத்துக்கெல்லாம் வங்கிச் சான்று இருத்தல் வேண்டும். ஈட்டியது முழுவதையும் கடையிலேயே முடக்காது, ஒரு பகுதியை ஆண்டுதோறும் ஊருக்கு அனுப்புதல் வேண்டும். சட்டங்கள் மாறுவன என்பதும் நினைவில் இருத்தற்குரியது. என் மாணவனைக் கெடுத்த அந்த 51 விழுக்காட்டு விதி, 2021 ஆம் ஆண்டில் அமீரகத்திற் பெரும்பாலான தொழில்களுக்கு நீங்கியது. அவன் ஊர் திரும்பியது 2020 இல்.

ஆசிரிய அன்பர்களுக்கு ஒன்று கூறுவேன். நம் வகுப்பிலிருக்கும் பிள்ளைகளுட் சிலர் நாளை தோகாவிலோ துபாயிலோ இருப்பர். அவர்க்கு நாம் காப்பியங் கற்பிப்பது வீணன்று; அதனை முழுதுங் கற்பிக்காமையே வீண். சாதுவன் நாகர் மொழி பேசும் இடத்தில் யான் இப்பொழுது ஒரு வகுப்பு முழுவதும் நிற்கின்றேன். அரபு வேண்டுவார்க்கு ஆசான் வாவிக்கரையிலேயே உளர் என்றுங் கூறுகின்றேன்.

என் மாணவன் இன்று படுவான்கரையிற் சிறு கடையொன்று நடத்துகின்றான். சென்ற வைகாசியில் என்னோடு கோயிலுக்கு வந்தான். கோவலன் சிலம்புடன் புறப்படும் பகுதி படிக்கப்பெற்றபோது, "ஐயா, அவன் முதலில் அந்த வணிகர்களிடம் போயிருக்கலாமே" என மெல்லக் கூறினான். யான் மறுமொழி கூறவில்லை. மறுநாட் காலை, கட்டாருக்குச் செல்லவிருந்த இளைஞன் ஒருவனை, கையில் ஒப்பந்தத் தாளுடன், அந்த மௌலவியிடம் அவனே அழைத்துச் சென்றான்.