பரம்பிக்குளம் மதகும் ஒரு ‘டிக்' அடையாளமும்

2022-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி. நள்ளிரவு கடந்த நேரம். பாலக்காடு மாவட்டத்துக் காட்டுக்குள் இருக்கும் பரம்பிக்குளம் அணையில் நடு மதகு பெயர்ந்து போனது.

அந்த அணையில் மொத்தம் 3 மதகுகள். கனமான மதகைச் சிரமம் இல்லாமல் தூக்குவதற்காக கான்கிரீட்டால் ஆன எதிர் எடை ஒன்றைச் சங்கிலியில் தொங்க விட்டிருப்பார்கள். அந்தச் சங்கிலி அறுந்தது. மதகும் நிலைகுலைந்தது.

வினாடிக்குச் சுமார் 20 ஆயிரம் கனஅடி தண்ணீர் சீறிப் பாய்ந்து சாலக்குடி ஆற்றை நோக்கி ஓடியது. ஆற்றங்கரை மக்கள் எச்சரிக்கப்பட்டனர். நீர்மட்டம் மதகின் அடிப்பகுதிக்கு இறங்கும் வரை புது மதகு பொருத்த வழி இல்லை. அதற்குள் சுமார் 6 டி.எம்.சி. தண்ணீர் போய்விட்டது. கோவை, திருப்பூர் மாவட்ட வயல்களுக்குப் போக வேண்டிய தண்ணீர் அது.

துங்கபத்ராவில் மீண்டும்

இரண்டு ஆண்டுகள் கூட முடியவில்லை. 2024 ஆகஸ்டு 10-ந் தேதி இரவு, கர்நாடகத்தில் துங்கபத்ரா அணையின் 19-வது மதகில் சங்கிலி அறுந்தது. மதகு அடித்துச் செல்லப்பட்டது. மதகு நிபுணர் கன்னையா நாயுடுவும் தொழிலாளர்களும் ஓடுகிற தண்ணீரிலேயே தற்காலிகத் தடுப்புப் பலகைகளை இறக்கி மீதி நீரைக் காப்பாற்றினார்கள்.

அணை வேறு, மாநிலம் வேறு. ஆனால் இரண்டு இடத்திலும் காலை வாரியது சங்கிலிதான்! ஓர் அணையில் கிடைத்த பாடம், அடுத்த அணையின் பரிசோதனைப் பட்டியலில் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பதே இப்போது எழும் கேள்வி.

பட்டியல் என்ன கேட்கும்?

அணையைச் சோதிக்கும் என்ஜினீயர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். கரையில் விரிசல் உண்டா? கசிவு நீர் தெளிவாக வருகிறதா, கலங்கி வருகிறதா? மதகு ஏறி இறங்குகிறதா? சங்கிலி, கம்பிவடம், பல்சக்கரம் எப்படி இருக்கின்றன? ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு ‘டிக்' போட வேண்டும். குறை இருந்தால் எழுத வேண்டும்.

2021-ல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் இதைக் கட்டாயக் கடமை ஆக்கியது. ஆண்டுதோறும் பருவமழைக்கு முன்பு ஒரு தடவை, பின்பு ஒரு தடவை சோதனை நடக்க வேண்டும். வெள்ளம், நிலநடுக்கம் வந்தாலும் சோதிக்க வேண்டும்.

காகிதப் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பது என்றால், சுற்றறிக்கை அடித்து, தபாலில் அனுப்பி, பழைய படிவங்கள் தீர்ந்து, புதிய படிவம் அச்சாகி வர வேண்டும். அதற்குள் ஒரு மழைக்காலம் போய்விடும். 2018 ஜனவரியில் மத்திய நீர்க் கமிஷன் ‘தர்மா' என்ற மென்பொருளை அறிமுகம் செய்தது. நாட்டில் உள்ள அணைகளின் விவரங்களையும், சோதனை அறிக்கைகளையும் கம்ப்யூட்டரில் ஒரே இடத்தில் சேர்ப்பது அதன் நோக்கம்.

கம்ப்யூட்டர் கவுண்டர்

கட்டுமான வேலைகளிலும் இன்று இத்தகைய மென்பொருள்கள் புழங்குகின்றன. அவற்றில் பட்டியலைத் திருத்த ‘ஏ.பி.ஐ.' என்ற வசதி உண்டு.

ரெயில் நிலைய முன்பதிவுக் கவுண்டரை நினைத்துக் கொள்ளுங்கள். படிவத்தைச் சரியாக நிரப்பிக் கொடுத்தால் டிக்கெட் வரும். தப்பு இருந்தால் படிவம் திரும்பி வரும். ஏ.பி.ஐ.யும் அதுபோல ஒரு கவுண்டர்தான். வரிசையில் நிற்பது ஆள் அல்ல, இன்னொரு மென்பொருள். ‘நான் இன்னார், இந்தப் பட்டியலில் இந்த எண்ணுக்குப் பிறகு சங்கிலித் தேய்மானம் பற்றி ஒரு வரி சேர்க்கவும்' என்று அது கேட்கும். கேட்டவருக்கு உரிமை இருந்தால், அதே பட்டியலைப் பயன்படுத்தும் எல்லா இடங்களிலும் சில நிமிடங்களில் புது வரி ஏறிவிடும்.

ஒரு வரி தொலைந்தால்...

வேகத்தோடு ஆபத்தும் சேர்ந்தே வருகிறது. ‘இந்த ஒரு வரியை மட்டும் மாற்று' என்று கேட்பது ஒரு முறை. ‘பழைய பட்டியலை எடுத்துவிட்டு இதை வை' என்பது இன்னொரு முறை. இரண்டாவது முறையில் அனுப்பும்போது ஒரு வரி விட்டுப் போனால், அந்தக் கேள்வி எல்லா இடங்களிலும் சத்தம் இல்லாமல் மறைந்துவிடும். கேள்வியே இல்லாத இடத்தில் குறையை யார் எழுதுவார்கள்?

ஆகவே ஒவ்வொரு வரிக்கும் மாறாத எண் வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் தேதியும், திருத்தியவர் பெயரும் வேண்டும். முடிந்துபோன சோதனையின் பழைய பட்டியலைத் தொடக்கூடாது. அன்று என்ன கேட்கப்பட்டது, என்ன பதில் எழுதப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

இரண்டு மாநிலங்கள், ஒரே ஏடு

இந்தச் சாட்சி எங்கே அதிகம் தேவை? பாலக்காட்டிலும் இடுக்கியிலும்தான். பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், முல்லைப் பெரியாறு ஆகிய 4 அணைகளும் கேரள மண்ணில் இருக்கின்றன. பராமரிப்பதோ தமிழ்நாடு. ஒரு மாநிலத்துக்குச் சொந்தமான அணை இன்னொரு மாநிலத்தில் இருந்தால், மாநில அணைப் பாதுகாப்பு அமைப்பு செய்ய வேண்டிய மேற்பார்வையை தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையமே செய்ய வேண்டும் என்கிறது 2021 சட்டம்.

முல்லைப் பெரியாறு 1895-ல் கட்டி முடிக்கப்பட்டது. 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு 142 அடி வரை நீர் தேக்க அனுமதி அளித்தது. தேனி, மதுரை, ராமநாதபுரம் விவசாயிக்கு அந்தத் தண்ணீர் பிழைப்பு. அணைக்குக் கீழே குடியிருக்கும் இடுக்கி மக்களுக்கு மழை பெய்தால் பயம். அந்த மக்களில் ஏலத் தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் பாடுபடும் தமிழர்களும் உண்டு. கசிவு நீரின் அளவை இரு தரப்பும் ஒரே ஏட்டில், ஒரே நாளில் பார்க்க முடிந்தால் வதந்திக்கு இடம் குறையும்.

ஆனால் கம்ப்யூட்டர் அணைக்கு நடந்து போகாது. தேக்கடியில் படகு ஏறிப் போகிறவரும், டாப்சிலிப் வழியாகப் பரம்பிக்குளம் போகிறவரும் மனிதர்கள்தான். மதகு மேடையில் ஏறி, சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போடும் ‘டிக்' ஒன்று. அலுவலக நாற்காலியில் அமர்ந்தபடி போடும் ‘டிக்' இன்னொன்று. கம்ப்யூட்டர் திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எந்த ‘டிக்' எப்படிப் போடப்பட்டது என்பதை அடுத்த மழைக்காலம்தான் காட்டிக் கொடுக்கும்.